உருளையும் விரலும்

தோசைக் கல்லில் எண்ணெய் தடவாமல் மாவை ஊற்றுவார் உண்டோ? பள்ளிக்கூடம் போகாத என் அன்னையும் அறிந்த இந்த உண்மை, என் அண்ணன் பணிபுரியும் ஆலையில் ஏனோ மறக்கப்பட்டுவிட்டது!

மேசை விரிப்புக்கும் மழைக் கோட்டுக்கும் ஆகும் பி.வி.சி. தாள் அங்கே தயாராகிறது. சுமார் 170 டிகிரி செல்சியஸ் சூட்டில் சுழலும் உருளைகளுக்கிடையே பிளாஸ்டிக் நசுங்கித் தாளாகிறது. சென்ற ஆண்டு, உருளையில் ஒட்டிய தாளை, ஓடும் இயந்திரத்திலேயே சுரண்டி எடுக்கும்போது அண்ணனின் விரல்கள் இரண்டு வெந்துபோயின. "கவனக் குறைவு" என்று எழுதிக் கணக்கை முடித்துவிட்டார்கள். அதை நான் மறுக்கிறேன்.

தாள் ஒட்டுவது விதியின் விளையாட்டன்று, வேதியியல். சூட்டில் இளகிய பி.வி.சி. உலோகப் பரப்போடு நெருங்கிப் படிகிறது. அந்தப் பற்று தாளின் வலிமையை மிஞ்சினால், தாள் கிழிந்து உருளையோடு போய்விடும்.

இதைத் தடுக்க வழியில்லையா? உண்டு. ஸ்டியரிக் அமிலமோ மெழுகோ கலவையில் சிறிதளவு சேர்த்தால், அது மேற்பரப்புக்கு வந்து தாளுக்கும் உலோகத்துக்கும் இடையே மெல்லிய படலமாக நிற்கும். அளவு மிஞ்சினால் தாளில் அச்சு பிடிக்காது. இளகிய தாள் பெரும்பாலும் சூடும் வேகமும் மிகுந்த உருளையையே பற்றும். ஆகவே ஒவ்வோர் உருளையின் வெப்பநிலையையும் வேகத்தையும் முறைப்படுத்த வேண்டும். உருளைகளுக்குக் குரோமியம் பூசி மெருகிடலாம். தாளை இழுத்தெடுக்கும் சிறு உருளைகளுக்கு, 1938இல் ராய் பிளங்கெட் கண்டறிந்த டெஃப்லானைப் பூசலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, உருளைகளை விலக்கி, இயந்திரத்தை நிறுத்திய பிறகே சுத்தம் செய்ய வேண்டும்.

"செலவு கூடுமே" என்பார்கள். கிழிந்து வீணாகும் தாளையும், வெந்துபோகும் விரலையும் அந்தக் கணக்கில் சேர்க்கட்டும்!

நண்பர்களே, பரப்பு இழுவிசையை நாம் தேர்வுக்காக மனப்பாடம் செய்கிறோம். விடைத்தாளோடு அதை மறந்தும் விடுகிறோம். உருளையின் அருகே நிற்பவருக்கு அதை எடுத்துச் சொல்ல ஆளில்லை. பேராசிரியப் பெருமக்கள் ஆண்டுக்கு ஒருமுறையேனும் எங்களை ஆலைக்கு அழைத்துச் செல்ல வேண்டும். கற்றதைத் தொழிலாளரின் மொழியில் விளக்க எங்களைப் பழக்க வேண்டும்.

என் கல்லூரிக் கட்டணம் அந்தக் கைகள் ஈட்டியது. எங்கள் குடும்பத்தின் முதல் பட்டம், அந்த விரல்களுக்குப் பயன்படாமல் சுவரில் மட்டும் தொங்குவதை நான் விரும்பவில்லை.

— இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., வேதியியல்