உடையும் மானமும்

‘ஆள் பாதி, ஆடை பாதி’ என்பது நம் நாட்டுப் பழமொழி. இது புறத்தோற்றத்தை மட்டுமே குறிப்பதெனக் கருதுவோர் பலர். போர்க்களத்தோடு தொடர்புடைய உடையோ வெறுந்தோற்றம் அன்று; அஃது ஓர் அடையாளம்; சிலபோது உயிரைக் கொடுத்தும் காக்கப்பெற்ற மானம். அத்தகைய உடையை இன்று நாம் எவ்வாறு அணிதல் தகும் என்பது ஈண்டு எண்ணத்தக்கது.

போருக்கும் புனைவுக்கும் உள்ள உறவு தமிழர்க்குப் புதிதன்று. சேரர் பனம்பூவும், சோழர் ஆத்தியும், பாண்டியர் வேம்பும் சூடிக் களம்புகுந்தனர். ஆநிரை கவர்வோர்க்கு வெட்சி, மீட்போர்க்குக் கரந்தை, மதிலை முற்றுவோர்க்கு உழிஞை, காப்போர்க்கு நொச்சி, வென்றோர்க்கு வாகை எனப் புறப்பொருள் நூலார் வகுத்துரைத்தனர். வெல்லாதவன் வாகை சூடுதல் பொருந்துமோ? சூடும் பூவுக்கும் ஒரு தகுதி வேண்டும் என்பதே நம் முன்னோர் கண்ட நெறி.

கடல் கடந்த ஸ்காட்லாந்திலும் இத்தகைய வரலாறு உண்டு. நம் கைலியின் கட்டங்களை ஒப்ப, பலநிறக் கோடுகள் குறுக்கும் நெடுக்குமாக ஓடும் கம்பளித் துணியை அந்நாட்டார் ‘டார்ட்டன்’ என்பர். 1746 ஏப்ரல் 16ஆம் நாள் கல்லோடன் களத்தில் மலைநாட்டுக் கிளர்ச்சியாளர் தோற்றனர். அவ்வாண்டே ஆங்கில அரசு அம்மலைநாட்டு உடையைச் சட்டத்தால் தடைசெய்தது. முதன்முறை மீறினால் ஆறுமாதச் சிறை. மறுமுறை மீறினால் ஏழாண்டு நாடுகடத்தல். ஆனால் அரசின் படையில் சேர்ந்தவர்க்கு மட்டும் அத்தடை இல்லை. ‘பிளாக் வாட்ச்’ முதலிய படைப்பிரிவினர் கரும்பச்சையும் நீலமும் கறுப்பும் கலந்த டார்ட்டனைத் தொடர்ந்து அணிந்தனர். 1782இல் தடை நீங்கும் வரையில் 36 ஆண்டுகள் அவ்வுடை படைவீரரிடமே வாழ்ந்தது எனலாம். குலத்துக்கு ஒரு டார்ட்டன் என்னும் வரையறை பெரும்பாலும் 19ஆம் நூற்றாண்டில் உருவானதே.

இனி நம் மண்ணுக்கு வருவோம். 1805 நவம்பரில் சென்னைப் படையின் தலைமைத் தளபதி சர் ஜான் கிரடாக் இசைவுடன் புதிய உடைவிதிகள் வெளிவந்தன. சிப்பாய்கள் நெற்றியில் சமயக்குறி இடுதல் கூடாது. கடுக்கன் அணிதல் கூடாது. தாடியை மழித்தல் வேண்டும். தோற்சின்னம் பதித்த புதுவகைத் தலைப்பாகையைத் தரித்தல் வேண்டும் என அவை பணித்தன. இந்துவின் நெற்றியையும் முஸ்லிமின் தாடியையும் ஒரே ஆணை தீண்டியது. மறுத்தவருள் ஓர் இந்துவும் ஒரு முஸ்லிமும் கசையடி பெற்றுப் பணியிழந்தனர். 1806 ஜூலை 10ஆம் நாள் விடியுமுன் வேலூர்க் கோட்டை கிளர்ந்தெழுந்தது. திப்பு சுல்தானின் மக்கள் சிறைவைக்கப்பட்டிருந்த அக்கோட்டையில் மைசூர்க் கொடி ஏறியது. ஆற்காட்டிலிருந்து விரைந்த கில்லெஸ்பியின் குதிரைப்படை அன்றே கோட்டையை மீட்டது. சிப்பாய்கள் நூற்றுக்கணக்கில் மாண்டனர். பின்னர் அவ்விதிகள் கைவிடப்பட்டன. ஆளுநர் பெண்டிங்க் பிரபுவும் கிரடாக்கும் திரும்ப அழைக்கப்பட்டனர். கிளர்ச்சிக்கு அரசியற் காரணங்களும் உண்டென்பர் வரலாற்றறிஞர். எனினும் பொறியை மூட்டியது உடை என்பதில் ஐயமில்லை.

இவ்விரு நிகழ்ச்சிகளையும் அருகருகே வைத்து நோக்குக. ஸ்காட்லாந்தில் குடிமகனுக்கு மறுத்த உடையைச் சிப்பாய்க்கு அளித்தனர். வேலூரிலோ குடிமகனுக்கு இருந்த உரிமையைச் சிப்பாயிடமிருந்து பறித்தனர். இரண்டிடத்தும் உடையை ஆள்வது உள்ளத்தை ஆள்வதாகும் என ஆட்சியாளர் எண்ணினர். இரண்டிடத்தும் ஆணை நிலைக்கவில்லை.

இதனால் நாம் கொள்ளத்தக்க படிப்பினை யாது? உடைக்குரிய மதிப்பைத் தடையால் உண்டாக்க இயலாது; அறிவாலேயே உண்டாக்க இயலும். டார்ட்டன் துணியைத் தமிழ் இளைஞன் அணிதல் குற்றமன்று. அதன் பின்னுள்ள துயரையும் வீரத்தையும் அறிந்து அணிதலே பண்பு. ஆயின் துணி வேறு, சின்னம் வேறு. கட்டமும் நிறமும் எவர்க்கும் பொது. படைப்பிரிவின் முத்திரையும், பதவிப் பட்டையும், பதக்கமும் உழைத்துப் பெற்றவர்க்கே உரியன. தம்மைப் படைவீரரெனப் பிறர் நம்பவேண்டும் என்னும் கருத்துடன் படையுடை தரித்தலை 1860ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டமே குற்றமாக்கிற்று. 2024 ஜூலை முதல் நடைமுறையிலுள்ள புதிய சட்டமும் அதனைத் தொடர்கின்றது. நாடக மேடையில் அணிவதைச் சட்டம் தடுக்கவில்லை. எனினும், நகைச்சுவைக்காகப் படையுடையைக் கோமாளி உடையாக்குவதை நம் மனச்சான்று தடுத்தல் வேண்டும்.

எறையூர் வட்டார மாணவர்க்கு இவை தொலைவான செய்திகள் அல்ல. பெரம்பலூர்ச் சீமையின் ரஞ்சன்குடிக் கோட்டை இன்றும் நிற்கின்றது. 1751இல் வாலிகண்டபுரத்துப் போரில் சந்தா சாகிபும் பிரெஞ்சுக்காரரும் ஒருபுறமும், முகமது அலியும் ஆங்கிலேயரும் மறுபுறமும் நின்றனர். அக்களத்தில் பொருதவர் எவ்வுடையில் வந்தனர், எவர்க்காக மாண்டனர் என வினவும் மாணவனே வரலாற்றை உடுத்தத் தகுதியுடையவன்.

ஆகவே இளைஞரே! கல்லூரி விழாவில் படையுடை தரிக்க விழைவீராயின், அதற்கு முன் அதன் வரலாற்றை ஒருமுறை படியுங்கள். உங்கள் ஊரில் ஓய்வுபெற்ற படைவீரர் இருப்பின், அவரை அணுகி ஒவ்வொரு பட்டையின் பொருளையும் கேளுங்கள். அவர் முன் நாணாது அணியக்கூடியதை அணியுங்கள். நாண வேண்டியதை விலக்குங்கள். அதுவே அவ்வுடைக்கு நாம் செய்யும் மரியாதை.