பழைய சாக்ஸபோனுக்கு விலை சொல்வது எது?

அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில் எல்கார்ட் என்றொரு ஊர். அங்கே கான் நிறுவனம் 1920களில் செய்து குவித்த சாக்ஸபோன்கள் இன்றும் யார் வீட்டுப் பரணிலிருந்தாவது இறங்கி வந்துகொண்டிருக்கின்றன. கட்டைவிரல் தாங்கிக்குப் பக்கத்தில், குழலின் பின்புறம் ஒரு முத்திரை இருக்கும்: வரிசை எண், ஓரிரு எழுத்துகள், கூடவே '1914 டிசம்பர் 8' என்ற தேதி. அந்தத் தேதியைப் பார்த்ததும் கருவியின் பிறந்தநாள் கிடைத்துவிட்டதாகப் பலர் நினைத்து விலையை ஏற்றிவிடுகிறார்கள். உண்மையில் அது ஒரு காப்புரிமையின் தேதி. குழலின் தகட்டையே இழுத்துத் துளைகளின் விளிம்பை எழுப்பும் செய்முறைக்குக் கிடைத்த உரிமை அது. பல ஆண்டுகள் கழித்து வந்த கருவிகளிலும் அதே தேதியைத்தான் பொறித்தார்கள். வயதைச் சொல்வது வரிசை எண்.

பக்கத்தில் உள்ள எழுத்தோ வயதைவிட முக்கியமானது. 'எல்' என்றிருந்தால் இன்றைய சுருதிக்குச் செய்த கருவி. 'ஹெச்' என்றிருந்தால் அந்நாளில் சில பேண்டு குழுக்கள் வைத்திருந்த உயர்ந்த சுருதிக்குச் செய்தது. நொடிக்கு 440க்குப் பதில் ஏறத்தாழ 457 அதிர்வு. மவுத்பீஸை வெளியே இழுத்துச் சரிசெய்யலாம் என்று விற்பவர் சொல்வார், நம்ப வேண்டாம். துளைகளுக்கு இடையிலான தூரமே வேறு என்பதால் ஒரு ஸ்வரம் சேர்ந்தால் அடுத்தது விலகும். எவ்வளவு பளபளத்தாலும் மற்றவர்களோடு சேர்ந்து வாசிக்க அது உதவாது.

இவ்வளவு கருவிகள் எப்படி மிஞ்சின? பெல்ஜியத்தின் தினான் நகரில் 1814இல் பிறந்த அடால்ஃப் சாக்ஸ், 1846இல் பாரிஸில் சாக்ஸபோனுக்குக் காப்புரிமை பெற்றார். வழக்குகளிலும் திவால்களிலும் அலைக்கழிந்து 1894இல் வறுமையில் இறந்தார். அவருக்குக் கிடைக்காத செல்வம் 1920களில் அமெரிக்க ஆலைகளுக்குக் கொட்டியது. அன்று சாக்ஸபோன் ஒரு மோகம். பியானோவுக்கு எழுதிய தாளை அப்படியே வைத்து வாசிக்கலாம் என்பதால் சி மெலடி என்ற வகை வீடுவீடாக நுழைந்தது. ஆல்டோவுக்கும் டெனருக்கும் இடைப்பட்ட அளவுள்ள அதை இன்று டெனர் என்று நம்பி வாங்கி ஏமாறுபவர்கள் உண்டு. 1929இன் பொருளாதார வீழ்ச்சியோடு மோகம் வடிந்தது; கருவிகள் பெட்டிக்குள் போயின.

இன்றைய சந்தை கொண்டாடுவது வேறொரு பெயரை. பாரிஸின் செல்மர் 1954இல் கொண்டுவந்த மார்க் சிக்ஸ். ஜாஸ் கலைஞர் கோல்ட்ரேன் வாசித்த டெனர் என்ற பெருமை அதற்கு உண்டு. விரல்களுக்கு இசைவான அதன் அமைப்பைத்தான் பின்னால் வந்த பெரும்பாலான நிறுவனங்கள் பின்பற்றின. அது சிறந்த கருவி என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் வரிசை எண் ஒரு லட்சத்துக்குள், அதாவது ஐந்து இலக்கத்தில் இருந்தால்தான் உசத்தி என்றொரு நம்பிக்கை விலையைத் தாறுமாறாக ஏற்றியிருக்கிறது. போர்க்காலப் பீரங்கிக் குண்டு உறைகளை உருக்கிய பித்தளை என்ற கதையும் சேர்ந்துகொண்டது. அதற்கு ஆதாரம் எதுவும் இல்லை. கைவேலை நிறைந்த அந்தக் கருவிகளில் ஒன்று போல் இன்னொன்று இருக்காது. ஐந்து இலக்கத்தில் சோடையும் உண்டு, ஆறு இலக்கத்தில் அற்புதமும் உண்டு.

எண்ணை மறந்து கருவியைப் பார்க்க வேண்டும். முதலில் மணிவாயில் உள்ள செதுக்கல். 1930களின் நடுவிலிருந்து கான் செய்த 6எம், 10எம் கருவிகளில் ஒரு பெண்ணின் உருவம் இருக்கும். அவள் தலைமுடியின் கோடுகள் கூர்மையாக விரலில் தட்டுப்பட்டால் நல்லது. மழுங்கிக் கிடந்தால் யாரோ சக்கரத்தில் தேய்த்துப் புது லாக்கர் பூசியிருக்கிறார்கள். அப்படித் தேய்க்கும்போது துளை விளிம்பின் உலோகமும் கரையும். துளையை மூடும் பேட் சரியாகப் படியாது. அடுத்து, குழலையும் மவுத்பீஸையும் இணைக்கும் நெக். மேலிருந்து அழுத்தி வளைந்திருந்தால் அதன் வளைவு நீள்வட்டமாகத் தட்டையாகியிருக்கும். பிறகு அறையை இருட்டாக்கி, சிறு விளக்கொன்றைக் குழலுக்குள் இறக்கிச் சாவிகளை ஒவ்வொன்றாக மெல்ல மூட வேண்டும். பேட்டின் ஓரத்தில் மயிரிழை வெளிச்சம் கசிந்தாலும் காற்று அங்கே ஒழுகுகிறது என்று அர்த்தம். எல்லா பேட்களையும் மாற்றும் செலவு, பெயர் தெரியாத பல பழைய கருவிகளின் விலையையே தாண்டிவிடும்.

கருவியின் பெயரும் அதைச் செய்த பொருளும் மட்டுமே மதிப்பாகிவிடாது என்பதற்கு ஜாஸ் கலைஞர் சார்லி பார்க்கரே சாட்சி. 1953இல் டொராண்டோவின் மாஸி ஹாலில் அவர் வாசித்தது கிராஃப்டன் என்ற பிளாஸ்டிக் ஆல்டோ. 1994இல் லண்டன் ஏலத்தில் அது 93,500 பவுண்டுக்குப் போனது. வாசித்தவர் யார் என்பதற்குக் கிடைத்த விலை அது.

அதே 1994இல்தான் 'டூயட்' படத்தில் கத்ரி கோபால்நாத்தின் வாசிப்பு தமிழ் வீடுகளுக்குள் இந்தக் குழலைக் கொண்டுவந்தது. போலீஸ் பேண்டிலோ திரை இசைக்குழுவிலோ வாசித்த பெரியவர் ஒருவரின் கருவி உங்கள் வீட்டில் இருக்கலாம். பாலீஷ் போடாதீர்கள், புளி போட்டுத் தேய்க்காதீர்கள். எண்ணையும் எழுத்துகளையும் செதுக்கலையும் படம் பிடித்து வையுங்கள். விலை பேசுவதற்கு முன் நல்ல ரிப்பேர்காரர் ஒருவரிடம் காட்டுங்கள். முடிந்தால் வாசிக்கத் தெரிந்த ஒருவரை ஊதச் சொல்லிக் கேளுங்கள்.