அண்டை வீட்டுத் திருநாள்

குழந்தைகள் கேட்டறிவதினும் செய்தறிவது மிகுதி. போகிக்கு வீடு தூய்மை செய்யும் தாய்க்குத் துணைநிற்பதும், பொங்கற் கோலத்திற்கு வண்ணமிடுவதும் மதுரை வட்டாரச் சிறுவர்க்குத் திருநாள் கற்பிக்கும் முதற்பாடங்கள். தம் வீட்டுத் திருநாளைப் போலவே அண்டை வீட்டுத் திருநாளையும் அவர்கள் அறிந்து வளரவேண்டும் என்பதே என் கருத்து.

தென்மாவட்டங்களிலிருந்து கடல் கடந்து சிங்கப்பூரில் குடியேறிய தமிழர் பலர். அங்குச் சீனரே பெரும்பான்மையர். ஆதலால், சீனப் புத்தாண்டின் வழக்கங்களைத் தமிழ்க் குழந்தைகளும் அறிந்து வளர்கின்றனர். புத்தாண்டிற்கு முன்பே சீனர் வீட்டைத் தூய்மை செய்வர். முதல் நாளன்று பெருக்கமாட்டார்கள். பெருக்கினால், வந்த நற்பேறும் குப்பையோடு வெளியேறிவிடும் என்பது அவர்தம் நம்பிக்கை. உறவினர் இல்லம் செல்வோர் இரண்டு ஆரஞ்சுப் பழங்களை இரு கைகளாலும் அளிப்பர். கண்டோனிய மொழியில் அப்பழத்தின் பெயரும் பொன்னின் பெயரும் ஒத்து ஒலிப்பதால், அது செல்வம் பெருக வாழ்த்துவதாகும். பெரியோர் சிவப்பு உறையில் பணம் வைத்துச் சிறுவர்க்கு வழங்குவர். ‘அங்பாவ்’ எனப்படும் இவ்வழக்கத்தை ஏற்று, அங்குள்ள தமிழரும் தீபாவளியன்று உறையிலிட்டுப் பணம் அளிக்கின்றனர்.

தன் மரபையே முழுதும் அறியாத குழந்தைக்குப் பிறர் மரபு குழப்பம் தரும் என்பர் சிலர். உண்மையில், ஒப்பீடு தெளிவையே தரும். விளக்கேற்றிய பின் வீட்டைப் பெருக்கலாகாது என்று நம் பாட்டியர் கூறுவதில்லையா? சீனர் வழக்கத்தை அறிந்த குழந்தை, “நம் வீட்டில் ஏன் அவ்வாறு சொல்கிறார்கள்?” என்று வினவும். அவ்வினாவே தன் மரபை அறியும் வாயில். ஆனால், சிவப்பு ஆடை உடுத்தி நிழற்படம் எடுப்பதோடு கற்பித்தல் நின்றுவிட்டால் பயனில்லை. வழக்கத்தின் பொருளையும் எடுத்துரைத்தல் வேண்டும்.

இது வெறும் பொழுதுபோக்கன்று. 1964 ஜூலை 21 அன்று சிங்கப்பூரில் மலாய்க்காரர்க்கும் சீனர்க்கும் இடையே மூண்ட கலவரத்தில் உயிர்கள் பல மாய்ந்தன. அந்நாளையே இன நல்லிணக்க நாளாக 1997 முதல் அந்நாட்டுப் பள்ளிகள் கடைப்பிடிக்கின்றன. அண்டை வீட்டாரை அறியாமை அச்சத்தை வளர்க்கும். அச்சம் பகையை வளர்க்கும்.

மதுரையில் அழகர் இறங்கும் வைகையின் வடகரையில்தான் கோரிப்பாளையம் தர்காவும் உள்ளது. பல சமயத்தார் அருகருகே வாழும் நகர் இது. மாணவர்களே, அண்டை வீட்டார் தரும் நோன்புக் கஞ்சியை உங்கள் தம்பி தங்கையர் பருகும்போதும், கிறித்துமஸ் குடிலைக் கண்டு வியக்கும்போதும், அவற்றின் பொருளை அவ்வீட்டாரிடமே கேட்டறிந்து அவர்களுக்குச் சொல்லுங்கள்.