பத்தாம் வகுப்புப் பையனிடம் யார் பேசுகிறார்கள்?

2023 ஆகஸ்ட் 9 இரவு, நாங்குநேரியில் பன்னிரண்டாம் வகுப்பு மாணவர் ஒருவரை வீடு புகுந்து அரிவாளால் வெட்டினார்கள். தடுக்கப் போன தங்கைக்கும் வெட்டு விழுந்தது. வெட்டியது அதே பள்ளியில் படித்த பையன்கள். காரணம் சாதி.

சரியாக ஓராண்டு கழித்து, 2024 ஆகஸ்ட் 9 அன்று, கோவையில் தமிழ்ப் புதல்வன் திட்டம் தொடங்கியது. அரசுப் பள்ளியில் படித்து உயர்கல்விக்குப் போகும் பையன்களுக்கு மாதம் 1,000 ரூபாய். நல்ல திட்டம், பல வீடுகளில் பேருந்துச் செலவுக்கும் புத்தகத்துக்கும் அந்தப் பணம்தான் கைகொடுக்கிறது. இரண்டும் ஒரே தேதியில் அமைந்தது தற்செயல். ஆனாலும் ஒரு கேள்வி உறுத்துகிறது. கல்லூரி வாசலில் பணம் காத்திருக்கிறது. அதற்கு நான்கு வருடம் முன்னால், மீசை அரும்பும் வயதில், அந்தப் பையனோடு உட்கார்ந்து பேச ஆள் இருக்கிறாரா?

2024 பத்தாம் வகுப்புத் தேர்வில் மாணவிகளில் 94.53 சதவீதம் பேர் தேறினார்கள்; மாணவர்களில் 88.58 சதவீதம். மறுவருடம் மாணவர் தேர்ச்சி 91.74 ஆக உயர்ந்தது, மாணவிகளோ 95.88-க்குப் போய்விட்டார்கள். தேறாத பையன் எங்கே போகிறான் என்பது ஊரில் எல்லோருக்கும் தெரியும். கல்யாண வீட்டுக் கேட்டரிங், பந்தல் வேலை, திருப்பூர் பனியன் கம்பெனி. "ஆம்பளப் பிள்ளைதானே, எப்படியும் பொழச்சுக்குவான்" என்கிறார்கள் பெரியவர்கள். ஆறுதலுக்குச் சொல்கிற பேச்சுதான் அது. ஆனால் பையனைத் தனியே விட்டுவிடுவதும் அந்தப் பேச்சுதான்.

அப்படித் தனியே விடப்பட்டவனுக்குக் 'கெத்து' தேவைப்படுகிறது. கையில் ஒரு வண்ணக் கயிறு, பின்னால் நான்கு கூட்டாளி, பைக்கில் ஒரு ஸ்டிக்கர். நாங்குநேரிக்குப் பிறகு அரசு அமைத்த ஓய்வுபெற்ற நீதிபதி சந்துருவின் குழு 2024 ஜூனில் அறிக்கை தந்தது. சாதி அடையாளக் கயிறுகளுக்குத் தடை, பள்ளிப் பெயர்களிலிருந்து சாதியை நீக்குவது, பள்ளி நல அலுவலர்களை நியமிப்பது என்று பல பரிந்துரைகள். கயிற்றைக் கட்டாயம் அவிழ்க்க வேண்டும். ஆனால் "நீ யாருடா?" என்ற கேள்விக்கு அந்தக் கயிறுதான் அவனுக்குக் கிடைத்திருக்கும் பதில். அவிழ்த்த கையில் வேறு பதில் இல்லையென்றால் புதுக் கயிறு வந்துவிடும்.

இங்கேதான் நம் ஏற்பாட்டில் ஓட்டை. ஒழுக்கம் ஒரு பக்கம், வேலைவாய்ப்பு வழிகாட்டல் மறுபக்கம் என்று பிரித்து வைத்திருக்கிறோம். பதினைந்து வயதுப் பையனுக்கு இரண்டும் ஒன்றுதான். நாளைக்கு இன்ன ஆளாக ஆகப்போகிறோம் என்று தெரிந்தவனுக்கு இன்றைக்கு அரிவாளைத் தொடக் கை கூசும்.

தூத்துக்குடி மாவட்டத்து மணத்தி கணேசனை நினைத்துக்கொள்ளலாம். சாதி மோதல்கள் சூழ்ந்த மண்ணில் கபடி ஆடி வளர்ந்தவர். 1994 ஹிரோஷிமா ஆசிய விளையாட்டில் தங்கம் வென்ற இந்திய அணியில் இருந்தார். அர்ஜுனா விருதும் பெற்றார். அவர் வாழ்க்கையை ஒட்டி மாரி செல்வராஜ் 2025-இல் எடுத்த 'பைசன்' படத்தில், பையனைத் தூக்கி நிறுத்துபவர்களில் முக்கியமானவர் ஒரு உடற்கல்வி ஆசிரியர். படம் பார்த்த பலருக்கும் தங்கள் பி.டி. சார் நினைவுக்கு வந்திருப்பார். வகுப்பில் வாய் திறக்காத பையன் மைதானத்தில் அவரிடம் வீட்டுக் கதையெல்லாம் கொட்டுவான். அப்பா குடிப்பதையும் சொல்வான். யாருடன் சுற்றுகிறான் என்பதையும் சொல்வான். அந்த பி.டி. பீரியடைத்தான் பத்தாம் வகுப்பு வந்ததும் கணக்குக்கும் அறிவியலுக்கும் கொடுத்துவிடுகிறோம்.

ஆசிரியர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. கல்வித் துறையின் எமிஸ் தளத்தில் விவரம் ஏற்றுவதற்கே அவர்கள் நேரம் போகிறது. 2022-இல் தொடங்கிய நான் முதல்வன் திட்டம் வழிகாட்டலைப் பள்ளிக்குள் கொண்டுவந்தது பெரிய காரியம். ஆனால் கல்லூரிக் கனவு போன்ற நிகழ்ச்சிகள் பன்னிரண்டாம் வகுப்பை எட்டியவர்களுக்கானவை. பத்தில் நின்றுபோனவன் அந்த அரங்குக்கு வருவதே இல்லை. ஐ.டி.ஐ.யில் வெல்டர், வயர்மேன் பிரிவுகளில் சேர எட்டாம் வகுப்புத் தேர்ச்சியே போதும் என்பதை அவனுக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

மேடையில் மைக் பிடித்து ஒரு மணி நேரம் முழங்கும் வெளியூர்ப் பேச்சாளரால் இதையெல்லாம் அவனிடம் சேர்க்க முடியாது. ஒன்பதாம் வகுப்பிலிருந்தே ஒவ்வொரு பையனுக்கும் பெயர் சொல்லிக் கூப்பிடுகிற ஒரு பெரியவர் வேண்டும். ஆசிரியராக இருக்கலாம். அதே பள்ளியில் படித்து இன்று எலெக்ட்ரீசியனாகவோ, செவிலியராகவோ, கப்பல் வேலையிலோ இருக்கிற ஊர் அண்ணனாகவும் இருக்கலாம். எந்த ஹாஸ்டல், முதல் சம்பளம் எவ்வளவு, முதல் வருடம் எப்படி அழுதேன் என்று அந்த அண்ணன் சொல்லட்டும். அழுததைச் சொல்வது முக்கியம். ஆண் அழுவான் என்று பையன்களுக்கு யாரும் சொல்வதில்லை. சாதி வேறான அண்ணனாக அமைந்தால் இன்னும் நல்லது.

மே மாதம் தேர்வு முடிவு வருகிறது. ஜூலைத் தொடக்கத்தில் துணைத் தேர்வு. நடுவில் ஆறேழு வாரம். தேறாத பையன்களின் பட்டியல் முடிவு வந்த அன்றே பள்ளியிடம் இருக்கிறது. அந்த வாரமே, கேட்டரிங் வேன் தெருமுனைக்கு வருவதற்குள், அவனைத் தெரிந்த ஒருவர் அவன் வீட்டுத் திண்ணையில் போய் உட்கார வேண்டும்.