"பிடிச்சதைச் சமைச்சுக் கொடுங்க"



இந்தத் தலைப்பை ஆஸ்பத்திரி வராந்தாவில் காதால் கேட்டவர்கள் உங்களில் சிலர் இருப்பீர்கள். இனி செய்ய ஒன்றும் இல்லை என்பதை நம் ஊரில் பல டாக்டர்கள் இப்படித்தான் சொல்கிறார்கள். அதைக் கேட்டபின் ஒரு வீடு எப்படி இடிந்து உட்காரும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

1974-ல் அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில் ஒரு கல்லூரி மாணவருக்கு ஏறக்குறைய அந்த நிலைதான். பெயர் ஜான் கிளேலண்ட். வயது இருபதுகளின் தொடக்கம். விதையில் (விரையில்) வந்த புற்றுநோய் நுரையீரல்வரை போய்விட்டது. ஆபரேஷன் செய்தார்கள். ஒரு மருந்து, அது கேட்காமல் இன்னொன்று என்று கொடுத்துப் பார்த்தார்கள். ஆள் எலும்பும் தோலுமாக ஆனதுதான் மிச்சம். இந்த நோய் பரவிவிட்டால் பத்தில் ஒருவர் பிழைப்பதே பெரிது என்றிருந்த காலம் அது.

அவரைக் கவனித்த லாரன்ஸ் ஐன்ஹார்ன் முப்பதைச் சற்றே தாண்டிய இளம் டாக்டர். அவர் கையில் கடைசியாக ஒரு மருந்து இருந்தது: சிஸ்பிளாட்டின். பிளாட்டினம் உலோகத்திலிருந்து வருவது. 1965-ல் மிச்சிகனில் பார்னெட் ரோஸன்பர்க் என்ற விஞ்ஞானி, மின்சாரம் பாக்டீரியாவை என்ன செய்கிறது என்று பார்க்கப் போனார். பாக்டீரியா இரண்டாகப் பிரியாமல் நூல்போல நீண்டுகொண்டே போனது. காரணம் மின்சாரம் இல்லை, மின்முனையிலிருந்து கரைந்த பிளாட்டினம் என்று பிறகு தெரிந்தது. செல் பிரிவதைத் தடுக்கிறது என்றால் புற்றுநோய்க்குக் கொடுத்துப் பார்க்கலாமே என்று அவருக்குத் தோன்றியது.

ஐன்ஹார்ன் அதை வேறு இரண்டு மருந்துகளோடு சேர்த்து கிளேலண்டுக்கு ஏற்றினார். இன்றைய வாந்தி மாத்திரைகள் அன்று கிடையாது. குடலே வெளியே வந்துவிடும்போல மணிக்கணக்கில் வாந்தி. ஆனால் சில வாரங்களில் எடுத்த எக்ஸ்ரேயில் நுரையீரலில் கட்டிகளைக் காணவில்லை! கிளேலண்ட் படிப்பை முடித்து, உயிரியல் ஆசிரியராகி, பிள்ளைகள் பெற்று, பல பத்தாண்டுகள் வாழ்ந்தார். 1978-ல் அந்த மருந்துக்கு அமெரிக்க அரசின் அனுமதி கிடைத்தது. இன்று இந்தப் புற்றுநோய் பரவிய நிலையில் வருபவர்களில்கூட பத்தில் எட்டுப் பேர்வரை குணமாகிறார்கள்.

அதே ஐன்ஹார்னிடம் 2012-ல் நம் யுவராஜ் சிங் போனார். அவருக்கு வந்ததும் இதே குடும்பத்தைச் சேர்ந்த கட்டிதான். இரண்டு நுரையீரல்களுக்கும் நடுவில் இருந்தது. 2011 உலகக் கோப்பையில் நம் சேப்பாக்கத்தில் வாந்தி எடுத்துக்கொண்டே சதம் அடித்தாரே, நினைவிருக்கிறதா? கிரிக்கெட்டை விட மனமில்லாமல் உடம்பைக் கவனிப்பதைத் தள்ளிப்போட்டதை அவரே பின்னர் வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார். இண்டியானாபொலிஸில் கீமோ முடித்து, 2012 செப்டம்பரில் நியூசிலாந்துக்கு எதிராக அதே சேப்பாக்கத்தில் மறுபடி இந்தியாவுக்காக இறங்கினார்.

இந்தக் கதைகளை "மன உறுதியால் கேன்சரை வென்றார்" என்றே நாம் சொல்லிப் பழகிவிட்டோம். எனக்கு அதில் சம்மதமில்லை. அப்படியென்றால் போனவர்களுக்கெல்லாம் மன உறுதி இல்லையா? கணவரையோ மகளையோ பறிகொடுத்த ஒருவர் அந்த வரியைப் படித்தால் எப்படி இருக்கும்? மருந்து, நோயாளி தைரியசாலியா என்று பார்த்து வேலை செய்வதில்லை. நம்பிக்கை விட்டுப்போய்ச் சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிற பிள்ளையின் ரத்தத்திலும் அது ஓடும். அவனை அடுத்த தேதிக்கு அழைத்துப் போக ஒரு ஆள் வேண்டும், அவ்வளவுதான்.

அந்த ஆள் நாமாக இருக்க வேண்டும். இரண்டு சைக்கிள் கீமோ முடிந்ததும் "பாவம், பிள்ளை துவண்டுட்டான், கொஞ்ச நாள் விடலாம்" என்று பாசத்தில் நிறுத்திவிடுகிற வீடுகள் உண்டு. குணமாகக்கூடிய நோயைக் கெடுத்துக்கொள்ள இதைவிடச் சுலபமான வழி இல்லை. வாந்தி என்றால் டாக்டரிடம் சொல்லுங்கள், இப்போது நல்ல மருந்துகள் இருக்கின்றன. காதில் இரைச்சல், கை கால் மரத்துப்போவது என்றாலும் சொல்லுங்கள். பணம்தான் தடை என்றால் முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்ட கவுண்டரில் முதல் நாளே விசாரியுங்கள்.

இன்னொன்றையும் கூச்சத்தை ஒதுக்கிவிட்டுப் பேசியாக வேண்டும். விதையில் வரும் இந்தப் புற்றுநோய் பெரும்பாலும் 15 முதல் 40 வயதுக்குள் வருவது. விதையில் வலியில்லாத ஒரு கட்டி, அல்லது ஒரு பக்கம் கனமாகத் தொங்குகிற உணர்வு. இருபது வயதுப் பையன் இதை யாரிடம் சொல்வான்? அம்மாவிடம் முடியாது. அப்பாவிடம் வாயே வராது. வலிக்கவில்லையே என்று மாதங்கள் ஓடும். ஒரு அல்ட்ராசவுண்ட் ஸ்கேனும் ரத்தப் பரிசோதனையும் ஆரம்பத்திலேயே சந்தேகத்தைத் தீர்த்துவிடும். ஒரு விதையை எடுத்தாலும் மற்றது நன்றாக இருந்தால் கல்யாணம், குழந்தை எதற்கும் பொதுவாகத் தடையில்லை. கீமோ தொடங்கும் முன்பே விந்தைச் சேமித்துவைக்கும் வசதியும் உண்டு, கேட்டால்தான் சொல்வார்கள். அப்பாக்களே, மாமாக்களே, இந்தப் பேச்சை நீங்கள்தான் ஆரம்பிக்க வேண்டும்.

எல்லாப் புற்றுநோயும் இப்படிக் கரைந்துவிடாது. பரவிய கணையப் புற்றுநோயும் இதுவும் ஒன்றல்ல. சில நேரம் வலியில்லாமல் பார்த்துக்கொள்வதுதான் செய்யக்கூடிய ஒரே நல்ல காரியம். அதனால் "எந்த ஸ்டேஜ்?" என்று மட்டும் கேட்டுவிட்டுத் திரும்பாதீர்கள். எந்த வகை, அந்த வகைக்கு எந்த மருந்து கேட்கும், குணமாக்கக் கொடுக்கிறீர்களா, தள்ளிப்போடக் கொடுக்கிறீர்களா என்று கேளுங்கள். அந்த வகையை அதிகம் பார்க்கிற புற்றுநோய் மருத்துவமனையில் இரண்டாவது கருத்து கேட்பது உங்கள் டாக்டரை அவமதிப்பதாகாது. ரிப்போர்ட்டுகளையும் பயாப்ஸி ஸ்லைடுகளையும் கேட்டு வாங்கிக்கொண்டு போங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்