32 அங்குலத் திரை வேண்டுமாம்!

ஏனாத்தூரில் ஒரு வீடு என்று வைத்துக் கொள்ளுங்கள். அப்பா பட்டுத் தறி நெய்கிறவர். பையன் கல்லூரி மாணவன். 1993-ல் நிகர்நிலைப் பல்கலைக் கழகமான சந்திரசேகரேந்திர சரஸ்வதி விசுவ மகாவித்யாலயா அந்த ஊரில்தான் இருக்கிறது. ஆகையால் கம்ப்யூட்டர் அங்கே புதுமைப் பொருள் அல்ல. வீட்டிலும் ஒன்று உண்டு. தெரிந்தவர் வீட்டிலிருந்து பாதி விலைக்கு வந்தது.

தீபாவளி நெருங்குகிறது. பையன் மெல்லப் பேச்சை எடுக்கிறான்.

"அப்பா, எனக்குத் துணிமணி வேண்டாம். 32 அங்குல மானிட்டர் வேண்டும்."

"இப்போ இருக்கிறது கெட்டுப் போச்சா?"

"கெடலை. ஆனா சின்னது. இதிலே விளையாடினா எதிராளி எங்கே ஒளிஞ்சிருக்கான்னே தெரியலை. தோத்துத் தோத்துப் போறேன்."

"விளையாட்டுக்கா இவ்வளவு பணம்?" என்று கேட்டுவிட்டு அப்பா தறிக்குத் திரும்பி விடுகிறார். இந்தப் பேச்சு ஏனாத்தூரில் மட்டுமா நடக்கிறது? மதுரையில் நடக்கிறது, திருப்பூரில் நடக்கிறது. பெரும்பாலான வீடுகளில் முடிவும் ஒன்றுதான். அம்மா நடுவில் வருவாள். தவணை முறையில் ஒரு பெரிய பெட்டி வீட்டுக்கு வரும்.

அப்பா கேட்ட கேள்வி தவறான கேள்வி. விளையாட்டு குற்றமல்ல. 2018-ல் ஜாகர்த்தாவில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியில் கம்ப்யூட்டர் ஆட்டங்கள் காட்சிப் போட்டியாக இடம் பெற்றன. 2023-ல் ஹாங்சௌ நகரில் நடந்த போட்டியில் அவற்றுக்குப் பதக்கமே வழங்கப்பட்டது. பணம் வைத்து ஆடும் ஆன்லைன் ஆட்டங்களைத் தடுக்க 2025 ஆகஸ்டில் பார்லிமெண்ட் இயற்றிய சட்டமும், பணயம் இல்லாத போட்டி ஆட்டங்களை ஊக்குவிக்கவே வேண்டும் என்கிறது. சூதாட்டம் வேறு, ஆட்டம் வேறு.

ஆனால் பையன் கேட்டதும் தவறான பொருள்தான். அவனுக்கு வேண்டியது நல்ல திரை. அவன் கேட்டதோ பெரிய அங்குலம்.

அங்குலம் எதை அளக்கிறது?

32 அங்குலம் என்றால் அகலம் 32 அங்குலம் என்று பலர் நினைக்கிறார்கள். அல்ல. ஒரு மூலையிலிருந்து எதிர் மூலைக்கு இழுத்த கோட்டின் நீளம் அது. 24 அங்குலத் திரையின் அகலம் சுமார் 53 சென்டிமீட்டர். 27 அங்குலத் திரை 60. 32 அங்குலத் திரை 71. பரப்பைக் கணக்கிட்டால் 32 அங்குலத் திரை 24 அங்குலத் திரையைப் போல ஒன்றே முக்கால் மடங்கு. கடையில் பார்க்கும்போது வாய் பிளக்க வைக்கும் வித்தியாசம்தான்.

கடையில் பத்து அடி தள்ளி நின்று பார்க்கிறோம். வீட்டில் எவ்வளவு தள்ளி உட்காருவோம்? இந்தக் கேள்வியைக் கடைக்காரர் கேட்பதில்லை. வாங்குகிறவரும் கேட்டுக் கொள்வதில்லை.

24 அங்குலத் திரையை 24 அங்குலத் தூரத்தில், அதாவது இரண்டு அடியில், வைத்துப் பாருங்கள். 32 அங்குலத் திரையை 32 அங்குலத் தூரத்தில், இரண்டே முக்கால் அடிக்குச் சற்றுக் குறைவாக, வைத்துப் பாருங்கள். கண்ணுக்கு இரண்டும் ஒரே அளவுதான்! பக்கத்து வீட்டுச் சுவர் எதிரே தெரியும் மலையை மறைத்து விடுகிறதே, அதே கணக்கு. கூடுதல் பணம் கொடுத்து, கூடுதல் தூரத்தில் வைத்து, அதே அளவு படத்தைப் பார்ப்பதற்கு எதற்காகக் கடன்?

"நான் தள்ளி வைக்க மாட்டேன், பக்கத்திலேயே வைப்பேன்" என்பான் பையன். அங்கேதான் இரண்டாவது சங்கடம். அதை அவனைவிட அப்பாதான் சுலபமாகப் புரிந்து கொள்வார்.

இழை எண்ணாமல் துணி வாங்கலாமா?

காஞ்சீபுரத்தில் சேலைக்குப் பூ வேலை செய்யும் முன் கட்டம் போட்ட தாளில் படம் எழுதுகிறார்கள். மயிலோ மாங்காயோ, எதுவானாலும் சின்னச் சின்னக் கட்டங்களாகப் பிரிந்து விடும். இந்தக் கட்டத்தில் ஜரிகை, அந்தக் கட்டத்தில் பட்டு. அதைப் பார்த்து அட்டையில் துளை போட்டு ஜக்கார்டில் ஏற்றினால் மயில் துணியில் வந்து உட்காருகிறது. பிரான்ஸ் தேசத்து ஜக்கார்டு 1804-ல் இந்தப் பொறியை அமைத்தார். அவருடைய துளை அட்டையைப் பார்த்துத்தான் கணக்குப் போடும் எந்திரத்துக்கும் அட்டை வைக்கலாம் என்று இங்கிலாந்தில் சார்லஸ் பாபேஜுக்குத் தோன்றியது. ஆக, கம்ப்யூட்டருக்கு ஒரு வகையில் தறி பாட்டன் முறை!

கம்ப்யூட்டர் திரையும் அப்படிப்பட்ட கட்டங்களால் ஆனதுதான். அவற்றைப் புள்ளி என்றோ பிக்சல் என்றோ சொல்லுகிறார்கள். ‘புல் எச்.டி.’ என்று பெட்டியில் போட்டிருந்தால் குறுக்கே 1,920, நெடுக்கே 1,080. மொத்தம் இருபது லட்சத்து எழுபதாயிரத்துக்குச் சற்று மேல். 24 அங்குலத் திரையிலும் இதே எண்ணிக்கை. 32 அங்குலத் திரையின் பெட்டியிலும் ‘புல் எச்.டி.’ என்றிருந்தால் அதிலும் இதே எண்ணிக்கை.

அதே இழைகளை வைத்துக் கொண்டு துணியை ஒன்றே முக்கால் மடங்கு அகட்டி நெய்தால் என்ன ஆகும்? சல்லாத் துணி ஆகும். 24 அங்குலத்தில் ஓர் அங்குலத்துக்கு 92 புள்ளிகள் இருந்தவை, 32 அங்குலத்தில் 69 ஆகி விடுகின்றன. பக்கத்தில் உட்கார்ந்தால் எழுத்தின் ஓரங்கள் படிக்கட்டு மாதிரி தெரியும். தூரத்தில் ஒளிந்திருக்கும் எதிராளி, பையன் தேடுகிறானே அவன், பெரிதாகத் தெரிவான். தெளிவாகத் தெரிய மாட்டான்.

ஆகையால் 32 அங்குல ‘புல் எச்.டி.’ மானிட்டரைப் போல வீண் செலவு வேறில்லை. தள்ளி வைத்தால் சின்னது. கிட்ட வைத்தால் சல்லா.

பெரிய திரை வேண்டுமானால் புள்ளிகளும் கூட வேண்டும். குறுக்கே 2,560, நெடுக்கே 1,440 உள்ள திரையில் முப்பத்தாறு லட்சத்துக்கு மேல் புள்ளிகள். 27 அங்குலத்தில் அது அங்குலத்துக்கு 109 புள்ளியாக நெருங்கி நிற்கும். கண்ணுக்கு விருந்து என்றால் அதுதான். அதே எண்ணிக்கையை 32 அங்குலத்தில் பரப்பினால் மீண்டும் 92. பழைய 24 அங்குலத்து நெசவேதான். ‘4 கே’ என்பது எண்பத்திரண்டு லட்சத்துச் சொச்சம்.

நெய்கிறவன் யார்?

பெரிய தறி வாங்கிப் போட்டு விட்டால் போதுமா? நெய்ய ஆள் வேண்டாமா? கம்ப்யூட்டரில் அந்த ஆள் கிராபிக்ஸ் கார்டு. ஒவ்வொரு கணமும் எல்லாப் புள்ளிகளுக்கும் வர்ணம் தீட்டிக் கொடுப்பது அதன் வேலை. ‘புல் எச்.டி.’யிலிருந்து ‘4 கே’க்குப் போனால் அதன் வேலை நான்கு மடங்கு. பாதி விலைக்கு வந்த பழைய எந்திரம் மூச்சு வாங்கும். படம் விட்டு விட்டு நகரும். பிறகு "மானிட்டர் சரியில்லை" என்பான் பையன். அடுத்த தீபாவளிக்குக் கார்டு. அதற்கு மின்சாரம் போதாது என்று வேறு பவர் சப்ளை. ஒரு கடன் மூன்று குட்டி போடும்.

புள்ளிகளைக் குறைத்து ஓட்டலாம் என்பார்கள். ஓட்டலாம். ஆனால் ஒரு திரை தன் சொந்தப் புள்ளிக் கணக்கில்தான் கூர்மையாகக் காட்டும்; குறைத்தால் லேசாகக் கலங்கித் தெரியும். அதற்கு முதலிலேயே சிறிய திரை வாங்கியிருக்கலாமே!

ஆட்டத்துக்கு உண்மையிலேயே உதவுவது வேறொன்று. திரை ஒரு செகண்டுக்கு எத்தனை தடவை படத்தைப் புதுப்பிக்கிறது என்பது. சாதாரணத் திரை 60 தடவை. ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் இடையே சுமார் 17 மில்லி செகண்டு. 144 தடவை என்றால் சுமார் 7 மில்லி செகண்டு. ஓடுகிற ஆளைக் குறி பார்ப்பவனுக்கு இந்த வித்தியாசம் தெரியும். பல காலமாகத் துப்பாக்கி ஆட்டப் பந்தயங்களில் பெரிய பெரிய பரிசு வாங்கியவர்கள் உட்கார்ந்தது 24 அங்குலத்தை ஒட்டிய திரைகளுக்கு முன்னால்தான்! முழுப் படமும் தலை திருப்பாமல் கண்ணுக்குள் அடங்க வேண்டும் என்பதே காரணம். சாம்பியனுக்கு 24 போதும். ஏனாத்தூர்ப் பையனுக்கு 32 வேண்டுமாம்.

இதிலும் ஒரு வேடிக்கை உண்டு. 144 என்று பார்த்து வாங்கி வந்து, பழைய கம்பியையே சொருகி, 60-லேயே ஓட்டிக் கொண்டிருப்பவர்கள் ஏராளம். விண்டோஸின் திரை அமைப்புக்குள் போய் எண்ணை மாற்ற வேண்டும். பெட்டியோடு வந்த கம்பியைப் போட வேண்டும். ‘1 மில்லி செகண்டு’ என்று பெரிய எழுத்தில் விளம்பரம் செய்கிறார்களே, அது தயாரிப்பாளர் தனக்குச் சாதகமான முறையில் அளந்த அளவு. அதற்காகக் கூடுதல் பணம் வேண்டாம். வளைந்த திரையும் அப்படித்தான். 27 அங்குலத்துக்குள் வளைவால் பெரிய லாபமில்லை. ஐ.பி.எஸ். வகைத் திரை பக்கவாட்டிலிருந்து பார்த்தாலும் நிறம் மாறாது. வீட்டில் நாலு பேர் எட்டிப் பார்க்கிற இடத்தில் அது நல்லது.

டி.வி.யே போதாதா?

"இந்த விலைக்கு 43 அங்குல டி.வி. கொடுக்கிறேன்" என்று ஆசை காட்டும் கடைகளும் உண்டு. 2006-ல் தமிழக அரசு இலவசமாகக் கொடுத்த வண்ணத் தொலைக்காட்சி 14 அங்குலம். அதைக் கூடத்தில் வைத்துக் குடும்பமே பார்த்தது. இன்று ஒரு பையனுக்கு 43! முன்பு 32 அங்குலத்துக்கு மேற்பட்ட டி.வி.க்கும் மானிட்டருக்கும் ஜி.எஸ்.டி. 28 சதவீதம் இருந்தது. 2025 செப்டம்பர் 22 முதல் அதுவும் 18 சதவீதம் ஆகிவிட்டதால் இந்த ஆசை காட்டல் இன்னும் சுலபமாகி விட்டது.

டி.வி. எட்டடி தூரத்திலிருந்து சினிமா பார்க்கச் செய்த பொருள். படத்தை அழகுபடுத்துவதற்காக அது சற்றுத் தாமதித்துக் காட்டும். பொத்தானை அழுத்திய பிறகு துப்பாக்கி சுடுவதற்குள் எதிராளி சுட்டு விடுவான். ஆட்டத்துக்கென்று தனி அமைப்பு உள்ள டி.வி.களில் இந்தத் தாமதம் குறையும்; ஆனால் அதே பையன் காலையில் அதில் கல்லூரிப் பாடம் எழுத வேண்டுமே! ஒன்றரை அடி தூரத்தில் 43 அங்குலத்தை வைத்துக் கொண்டு எழுதினால் கழுத்து என்ன ஆவது?

மேசையை அளந்து பார்க்க வேண்டும் என்பது இதனால்தான். நம் வீடுகளில் படிப்பு மேசையின் ஆழம் பெரும்பாலும் ஒன்றரை அடி. மானிட்டரின் கால் அதில் பாதியை விழுங்கும். உட்காருபவன் முகத்துக்கும் திரைக்கும் இடையே ஒரு கை நீளம் இருக்க வேண்டும். திரையின் மேல் விளிம்பு கண் மட்டத்திலோ சற்றுத் தாழ்ந்தோ இருக்க வேண்டும். ஒன்றரை அடியில் 32 அங்குலத்தை வைத்தால் இந்த ஓரத்துக்கும் அந்த ஓரத்துக்கும் தலையைத் திருப்பிக் கொண்டே இருக்க வேண்டியதுதான். டென்னிஸ் பார்ப்பது போல!

அப்படியானால் பையனுக்கு ஒன்றுமே வேண்டாமா? வேண்டும். பழைய 19 அங்குலத் திரையில் புள்ளிகள் பத்து லட்சத்துச் சொச்சம்தான் இருக்கும். அதை மாற்றச் சொல்வது நியாயமான கோரிக்கை. அந்த எந்திரத்துக்கும் அந்த மேசைக்கும் 24 அங்குலம், ‘புல் எச்.டி.’, 100 தடவைக்கு மேல் புதுப்பிக்கிற திரை போதும். புதுக் கார்டும் ஆழமான மேசையும் உள்ளவன் 27 அங்குலத்தில் 2,560 புள்ளித் திரை வாங்கட்டும். அதற்கு மேல் போவது ஆட்டத்துக்காக அல்ல. பார்க்க வரும் நண்பர்களுக்காக. வட்டியில்லாத் தவணை என்று சொல்லுவதில் நடைமுறைக் கட்டணம் ஒளிந்திருக்கும். ரொக்கத்துக்குக் கிடைக்கும் தள்ளுபடியும் போய் விடும். சிறிய திரையானால் ரொக்கத்திலேயே முடித்து விடலாம்.

வாங்கப் போகும்போது பையன் மட்டும் போகக் கூடாது. சென்னை ரிச்சி தெருவானாலும் சரி, காஞ்சீபுரத்துக் கடையானாலும் சரி, தறி நெய்கிற அப்பாவையும் அழைத்துப் போக வேண்டும். துணியைக் கண்ணருகே பிடித்துப் பார்ப்பது போல அவர் திரைக்கு ஒரு சாண் தூரத்தில் குனிந்து பார்ப்பார்.

"இதிலே எத்தனை இழை தம்பி?" என்று கேட்பார்.

கடைப் பையன் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பான்.