கூண்டு முதல்ல... கினி பிக் அப்புறம்!

ஆலங்குளத்தில் இருந்து ஒரு தம்பி கேட்டிருக்கார்: 'ராஜபாளையத்தில் பி.எஸ்சி. ரெண்டாம் வருஷம் படிக்கிறேன். தங்கச்சி ஆறாவது படிக்கிறா. ஒரு ஜோடி கினி பிக் வேணும்னு ஒரே அடம். எனக்கும் ஆசைதான். எங்க வீட்ல ஆடு, கோழி தவிர வேற எதுவும் வளர்த்தது இல்லை. வாங்குறதுக்கு முன்னாடி என்னென்ன ரெடி பண்ணணும்?'

முதல்ல தம்பிக்கு ஒரு ஷொட்டு! 'வாங்கிட்டேன், சுருண்டு படுத்திருக்கு, என்ன பண்ண?'ன்னு கேட்கிறவங்கதான் ஜாஸ்தி. 'வாங்குறதுக்கு முன்னாடி'ன்னு ஒருத்தர் கேட்டதே பெரிய விஷயம். அதனால இந்த வாரம் முழுக்க இவருக்கேதான்.

ஒண்ணு தெளிவா சொல்லிடுறேன். இது தென்காசி பக்கத்து ஆலங்குளம் இல்லை. விருதுநகர் மாவட்டத்து ஆலங்குளம். 1970-ல வந்த அரசு சிமெண்ட் ஆலையால பேர் வாங்கின ஊர். ஊரை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்றேன்னா, இந்த மேட்டர்ல ஊர்தான் பாதி பதில்!

யார் இந்த விருந்தாளி?

பேர்லதான் 'பிக்'. பன்றிக்கும் இதுக்கும் ஸ்நானப் பிராப்தி கிடையாது. கினி நாட்டுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்லை. அணில், எலி மாதிரி கொறிக்கிற சாதி. தமிழ்ல சீமைப் பெருச்சாளின்னு ஒரு பேர் உண்டு. அதைச் சொன்னா உங்க அம்மா வாசல்லயே நிறுத்திடுவாங்க, ஜாக்கிரதை!

சொந்த ஊர் தென் அமெரிக்காவில் ஆண்டிஸ் மலை. பெரு, பொலிவியா பக்கத்து மலை ஜனங்க பல ஆயிரம் வருஷமா இதை வீட்ல வளர்க்கிறாங்க. நாம கோழி வளர்க்கிற மாதிரி, கறிக்குத்தான். 16-ம் நூற்றாண்டுல ஸ்பெயின்காரங்க அங்கே போனப்புறம்தான் இது ஐரோப்பாவுக்குக் கப்பல் ஏறி, செல்லப்பிராணி ஆச்சு. வளர்ந்தா முக்கால் கிலோவில் இருந்து ஒண்ணேகால் கிலோ வரை வரும். நல்லாப் பார்த்துக்கிட்டா 5 முதல் 8 வருஷம் இருக்கும். இந்த 8-ஐ மட்டும் மனசுல ஓரமா எழுதி வைங்க. கடைசியில தேவைப்படும்.

நார்வேயில் நடந்தது

யாராவது நம்மளை வெச்சு எதையாவது டெஸ்ட் பண்ணினா 'என்னை என்ன சோதனை எலின்னு நினைச்சியா?'ன்னு எகிறுவோம் இல்லையா? இங்கிலீஷ்காரங்க அந்த இடத்துல சொல்றது கினி பிக்கைத்தான். 1882-ல காசநோய்க் கிருமியை ராபர்ட் காக் நிரூபிச்சது இதுங்க உடம்பை வெச்சுத்தான்.

நமக்கு வேண்டிய கதை 1907-ல நடந்தது. நார்வேயில் ஆக்ஸல் ஹோல்ஸ்ட், தியோடர் ஃப்ரோலிக்னு ரெண்டு பேர். பெரிபெரி நோயைப் பத்தி ஆராய்ச்சி பண்றதுக்காக கினி பிக்குகளுக்கு வெறும் தானியமாப் போட்டாங்க. பெரிபெரி வரலை. ஈறு வீங்கி, மூட்டு நொந்து ஸ்கர்வி வந்துச்சு. பச்சைக் காய்கறி கொடுத்ததும் தேறிடுச்சு. பின்னாடி வைட்டமின் சி-யைக் கண்டுபிடிக்க இது ஒரு முக்கியமான படி. காரணம் சிம்பிள். நாய், பூனை, ஆடு எல்லாம் வைட்டமின் சி-யை உடம்புக்குள்ளேயே தயாரிச்சுக்கும். மனுஷனாலயும் கினி பிக்காலயும் முடியாது. தினம் சாப்பாட்டுல வந்தாகணும்.

'நம்ம வீட்டு அரிசியும் கம்பும் போட்டா அதுபாட்டுக்கு வளருது'ன்னு நினைச்சீங்கன்னா, நார்வே சோதனையை ஆலங்குளத்துல திரும்ப நடத்துறீங்கன்னு அர்த்தம். சில வாரத்துலயே நடக்கச் சிரமப்படும், முடி சொரசொரப்பாயிடும், தொட்டாலே கத்தும். 'வாங்கிட்டு அப்புறம் பார்த்துக்கலாம்'ங்கிறதும் ஒரு சோதனைதான் தம்பி. அதுக்குத்தான் இவ்வளவு முன்னேற்பாடு.

முதல் வில்லன் வெயில்!

குளிர் மலைக்காரருக்கு 18 முதல் 24 டிகிரி செல்சியஸ்தான் சௌகரியம். 28-ஐத் தாண்டினா ஆபத்து ஆரம்பம். வியர்வை சிந்தி உடம்பைக் குளிர வெச்சுக்கத் தெரியாத ஜீவன். நம்ம பக்கம் சித்திரை, வைகாசியில 38 டிகிரி சர்வ சாதாரணம். கூட்டிக் கழிச்சுப் பாருங்க!

அதனால முதல்ல வாங்க வேண்டியது கூண்டு இல்லை, ஒரு சின்ன அறை தெர்மாமீட்டர். வீட்லயே குளுமையான மூலை எதுன்னு மத்தியானம் 2 மணிக்கு அளந்து பாருங்க. தகரம், ஆஸ்பெஸ்டாஸ் போட்ட ரூம், மொட்டை மாடி, மேற்கு வெயில் அடிக்கிற திண்ணை எல்லாம் கூடவே கூடாது. ஓட்டு வீடோ, உயரமான கூரை போட்ட உள் அறையோ இருந்தா யோகம். நம்ம ஊர் வறண்ட ஊர்ங்கிறது இங்கே ஒரு வசதி. கோணிச் சாக்கை நனைச்சு ஜன்னல்ல தொங்கவிட்டா சட்டுனு குளுமை வரும். தரை டைல்ஸ் துண்டு ஒண்ணைக் கூண்டுக்குள்ள போட்டா அதுமேல வயிறு பட படுத்துக்கும். தண்ணி பாட்டிலை ஐஸாக்கி, துணி சுத்தி ஒரு ஓரமா வைக்கலாம். ஃபேன் காத்து மூஞ்சியில நேரா அடிக்கக் கூடாது.

மார்கழியில அளந்துட்டு 'ஆஹா, 25 டிகிரி'ன்னு ஏமாறாதீங்க. கோடையில எவ்வளவு செஞ்சும் அந்த மூலை 30-க்குக் கீழே இறங்கலைன்னா, தங்கச்சிகிட்ட வேற ஆசையைக் கிளப்பிவிடுங்க. அதுவும் ஒரு நல்ல பதில்தான்.

வீட்டைக் கட்டிப் பார்

கடையில அழகா ஒரு குட்டிக் கூண்டு காட்டுவாங்க. கிளிக்கூண்டை விடக் கொஞ்சம் பெருசு. தலையாட்டிட்டு வந்துடுங்க. ரெண்டு கினி பிக்குக்குக் குறைஞ்சபட்சம் 8 சதுர அடி தரை வேணும். அதாவது 4 அடி நீளம், 2 அடி அகலம். இன்னும் பெருசா இருந்தா இன்னும் நல்லது. மாடி மேல மாடி எல்லாம் வேண்டாம். இது ஏறுற பிராணி இல்லை, ஓடுற பிராணி. அடியில கம்பி வலை இருக்கவே கூடாது, பாதம் புண்ணாயிடும்.

ரெண்டு பேருக்கும் ஒளிய தனித்தனி இடம் வேணும். அட்டைப் பெட்டியில ரெண்டு வாசல் வெட்டினா போதும், காசே செலவில்லை. கீழே நியூஸ் பேப்பர், மேல காஞ்ச புல் தாராளமா. மர அறுவை மில் தூளைப் போட்டுடாதீங்க, மூச்சுக்குழாய்க்கு ஆகாது. பக்கத்துல சத்திரப்பட்டியில பேண்டேஜ் துணி மலிவாக் கிடைக்குமேன்னு மெத்தை போட்டுடாதீங்க. நூல் பிரிஞ்சு காலைச் சுத்திக்கும். எலிகளுக்கு வைக்கிற மாதிரி சுத்துற சக்கரமும் வேண்டாம், இதோட முதுகெலும்புக்கு அது ஆபத்து.

என்ன மெனு?

இதுக்குப் பல் வாழ்நாள் முழுக்க வளர்ந்துக்கிட்டே இருக்கும். அரைச்சு அரைச்சுத் தேய்க்கத்தான் புல்லு. சாப்பாட்டுல முக்கால்வாசிக்கு மேல காஞ்ச புல் இருக்கணும், 24 மணி நேரமும் கிடைக்கணும். பாக்கெட்ல வர்ற திமோத்திப் புல் விலை கடிக்கும். நம்ம அருகம்புல்லை அறுத்து, கழுவி, நிழல்ல உலர்த்தி வெச்சுக்கலாம். ஆனா லாரி போற ரோட்டோரமும், மருந்தடிச்ச பருத்திக் காட்டு வரப்பும் வேண்டாம். வைக்கோல் மாட்டுக்கு ஓகே, இதுக்குச் சத்து பத்தாது. குதிரைமசால் குட்டிக்கும் சினைக்கும் கொஞ்சம் கொடுக்கலாம். வளர்ந்ததுக்கு தினம் போட்டா கால்சியம் ஏறி மூத்திரப்பையில கல் கட்டும்.

வைட்டமின் சி-க்கு தினமும் ஒரு துண்டு குடைமிளகாய், கொஞ்சம் கொத்தமல்லித் தழை. கிலோவுக்கு 10 முதல் 30 மில்லிகிராம் தேவை. கொய்யா, நெல்லிக்காய் எல்லாம் விரல்நுனி அளவுக்கு, எப்போவாவது. தண்ணியில சொட்டு மருந்து கலக்குற வேலை வேண்டாம், வெளிச்சம் பட்டா வீரியம் போயிடும். முயல் தீவனம் ரெண்டுக்கும் பொதுன்னு கடைக்காரர் சொன்னா நம்பாதீங்க, அதுல வைட்டமின் சி சேர்த்திருக்க மாட்டாங்க.

வெங்காயம், பூண்டு, உருளைக்கிழங்கு, சோறு, ரொட்டி, பால், சாக்லேட் எல்லாத்துக்கும் தடா. ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவும் சேர்த்துத்தான். அது உங்களுக்கு!

ஒண்ணா, ரெண்டா?

ஒத்தையா வளர்த்தா ஏங்கிப்போகும். சுவிட்சர்லாந்துல 2008-ல வந்த விலங்குப் பாதுகாப்பு விதிப்படி கினி பிக்கைத் தனியா வளர்க்கவே கூடாது. அதனால ஜோடிதான். ஆனா 'ஜோடி'ன்னா ஆணும் பொண்ணும் இல்லை! ரெண்டு பொண்ணு, இல்லைன்னா கூடவே வளர்ந்த ரெண்டு ஆண். பொண்ணு பொறந்து ஒரு மாசத்துலயே சினை பிடிக்கும் தகுதிக்கு வந்துடும். சுமார் 65 நாள்ல குட்டி. குட்டி போட்ட அன்னிக்கே மறுபடியும் சினை பிடிக்கலாம். கணக்குப் போட்டுப் பாருங்க, வருஷக் கடைசியில வீட்ல நீங்க நிக்க இடம் இருக்காது.

முயல்கூட ஒண்ணா அடைக்காதீங்க. ஒரு உதை விட்டா எலும்பு முறியும், முயல்கிட்ட இருந்து நெஞ்சுச்சளி நோயும் தொத்தும்.

அக்கம் பக்கம் எப்படி?

ராஜபாளையம்னாலே நாய்தான். 2005-ல தபால்தலையில ஏறின வேட்டை நாய் பரம்பரை! உங்க வீட்லயோ பக்கத்து வீட்லயோ அது இருந்தா, 'நம்ம நாய் சாது'ன்னு கதவைத் திறந்து வைக்காதீங்க. துரத்திப் பிடிக்கிறது அதோட ரத்தத்துல இருக்கு. பூனைக்கும் சாரைப்பாம்புக்கும் சேர்த்தே கூண்டுக்கு மூடி போடுங்க.

அடுத்தது சத்தம். சிவகாசி பக்கத்துலயே இருக்கிற ஊர். தீபாவளின்னா சொல்லவே வேணாம். வெடிச் சத்தத்துல இதுங்க மிரண்டு சாப்பாட்டை நிறுத்திடும். அந்த ரெண்டு நாள் உள் அறை, கனமான திரை, ஒளிய நிறையப் புல்லு. உங்க சரவெடியைத் தெரு முனைக்கு மாத்திக்குங்க.

வாங்கிட்டு வந்த முதல் மூணு நாள் தூக்கிக் கொஞ்சக் கூடாது. தங்கச்சிக்கு இதை இப்பவே சொல்லி வைங்க. 'வீக்... வீக்...'ன்னு கத்தினா பசி. சந்தோஷம் வந்தா நின்ன இடத்துலயே துள்ளிக் குதிக்கும். தன் புழுக்கையில ஒரு ரகத்தைத் தானே தின்னும். அலறாதீங்க, அது அதோட ஜீரண முறை!

டாக்டரை இப்பவே தேடுங்க

அரை நாள் சாப்பிடலைன்னாலே அவசரம்னு அர்த்தம், 'நாளைக்குப் பார்ப்போம்' கிடையாது. அதனால பக்கத்து அரசு கால்நடை மருத்துவமனையில 'கினி பிக் பார்ப்பீங்களா சார்?'னு முன்கூட்டியே கேட்டு வைங்க. கொஞ்சம் பெரிய சிக்கல்னா திருநெல்வேலி ராமையன்பட்டியில கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கு. வீட்ல மிச்சமிருக்கிற அமாக்ஸிசிலின் மாத்திரையைப் பொடி பண்ணிக் கொடுத்துடாதீங்க. நமக்கு மருந்து, அதுக்கு எமன். வாரம் ஒருதரம் சமையல் தராசுல எடை போட்டு நோட்ல எழுதுங்க. உடம்பு சரியில்லைங்கிறதை வெளியே காட்டாம மறைக்கும். எடைதான் முதல்ல காட்டிக்கொடுக்கும்.

எட்டு வருஷக் கணக்கு

ஓரமா எழுதின 8-ஐ எடுங்க. தம்பிக்கு டிகிரி முடிய இன்னும் ஒண்ணரை வருஷம். அப்புறம் சென்னையோ கோயம்புத்தூரோ வேலை, மேன்ஷன் ரூம். கினி பிக்கை மேன்ஷனுக்குள்ள விடுவாங்களா? தங்கச்சிக்கு அப்போ பத்தாவது பரீட்சை. அந்த வருஷம் காலையில புல் அறுக்கிறது யாரு? பதில் உங்களுக்கே தெரியும். அம்மா! அதனால கடைக்காரர்கிட்ட கேட்கிறதுக்கு முன்னாடி அம்மாகிட்ட கேளுங்க. 'சரிப்பா'ன்னு சொன்னா மட்டும் பத்தாது, என்னென்ன வேலைன்னு புரிஞ்சு சொல்லணும்.

கடைசியா ஒரு டெக்னிக். வாங்குறதுக்கு முன்னாடி 7 நாள் ஒத்திகை பாருங்க. காலிக் கூண்டை வைங்க. தினமும் காலையில புல் அறுத்து, கழுவி உள்ளே போடுங்க. தண்ணி மாத்துங்க. சாயங்காலம் பேப்பரை எடுத்துக் கூட்டுங்க. மத்தியானம் யாராவது ஒருத்தர் தெர்மாமீட்டரைப் பார்த்து எழுதட்டும். சினிமாவுக்குப் போற நாளும் செய்யுங்க, இன்டர்னல் டெஸ்ட் இருக்கிற நாளும் செய்யுங்க. தெரு சிரிக்கும், சிரிக்கட்டும்.

நாலாவது நாளே சலிச்சுப்போச்சுன்னா நஷ்டம் ஒண்ணும் இல்லை, கூண்டு காலியாத்தான் இருக்கு. ஏழு நாளும் அண்ணனும் தங்கச்சியும் மாத்தி மாத்திச் செஞ்சுட்டீங்கன்னா, எட்டாவது நாள் கிளம்புங்க. ரெண்டு பொண்ணாப் பார்த்து, கண் பளிச்சுனு, மூக்கு ஒழுகாம, துறுதுறுன்னு ஓடுறதா எடுத்துட்டு வாங்க. வெயில் ஏறுறதுக்கு முன்னாடி வீடு வந்து சேருங்க!